பன்னிரண்டு பேர் எழுந்த கச்சேரி

என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி, இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் சொல்வதில், இசைக்குழுவை நடத்தியவர் எங்கள் பின்னால் ஓடி வந்து மன்னிப்புக் கேட்கிறார். போன மாதம் வரை அரங்கத்தின் படிக்கட்டு வரைதான் ஓடி வந்தார். இந்த மாதம் பேருந்து நிறுத்தம் வரை வந்துவிட்டார். இப்படியே விட்டால் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். எங்கள் குடும்பத்துக்கு இருக்கிற பெருமையே போதும், இல்லாத பெருமை வேண்டாம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. மரியாதை குறைந்த இடத்தில் உட்கார மாட்டோம். சண்டை கிடையாது, குரல் உயர்த்துவது கிடையாது, காரணம்கூடச் சொல்ல மாட்டோம். எழுந்து போய்விடுவோம். என் அப்பா ஒரு கல்யாணத்தில் தனக்கு இரண்டாம் வரிசையில் நாற்காலி போட்டதற்காக எழுந்தார். அவரோடு முப்பத்தொரு பேர் எழுந்தார்கள். பெண் வீட்டார் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தூரம் பின்னாலேயே வந்தார்கள். இது கட்டுக்கதை அல்ல. அந்த நாற்காலிகளில் ஒன்றில் நானே உட்கார்ந்து வந்தேன். எனக்கு அப்போது ஐந்து வயது. நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியாது.

அப்பா தொண்டையைச் செருமினால் எழுந்துவிட வேண்டும் என்று அர்த்தம். என் காலத்தில் அந்த இடத்துக்கு மூக்குக்கண்ணாடிக் கூடு வந்தது. நான் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி எஃகுக் கூட்டில் வைத்து மூடுவேன். டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கடைக்காரர் மூச்சு விடுவார். வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. எந்த வீட்டு விசேஷமானாலும் என் கூடு மூடிவிட்டால் எங்கள் ஆட்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இப்போது மாப்பிள்ளை விஷயம். என் மகள் தானே பார்த்து முடிவு செய்தவர் அவர். முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது, என்ன வேலை என்று கேட்டேன்.

"ஆர்கெஸ்ட்ராவுல டிராம்போன் வாசிக்கிறேன் சார். ரெண்டாவது ஆள்."

முதல் ஆளாக இருந்தாலாவது யோசித்திருப்பேன். டிராம்போன் என்பது நீளமான பித்தளைக் குழல். ஒரு கையால் தாங்கிப் பிடித்து, மறு கையால் நீட்டி மடக்கி ஊத வேண்டும். முழுதாக நீட்டினால் முன்னால் இருக்கிறவர் முதுகில் இடிக்கும். இதை ஒரு வேலை என்று சொல்லி ஒருவர் என் மகளைக் கேட்டார். பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. போனேன், சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், கண்ணாடியைக் கழற்றினேன். எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அவர் தெருமுனையில் இறக்கிவிட்டுவிட்டு அங்கே இருக்கும் காபிக்கடையில் உட்கார்ந்திருப்பார். மூன்று காபி குடிப்பாராம். கடைக்காரர் நான் கேட்காமலே சொன்னார்.

போன வருடக் கடைசியில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய சிம்பொனி வாசிக்கிறாங்க. அவர் பன்னெண்டு டிக்கெட் எடுத்து வச்சிருக்கார். நம்ம வீட்டு ஆளுங்க எல்லாருக்கும்."

"பார்க்கலாம்."

"உங்களை எதுவும் பேசச் சொல்லலப்பா. வந்து கேட்டா போதுமாம். ஒரே ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டா போதுமாம்."

"பார்க்கலாம்னு சொன்னேனே."

"பார்க்கலாம் எல்லாம் வேண்டாம். நான் இதுதான் கடைசியா கேக்கறேன். இதுக்கும் வரலைன்னா, பாப்பாவைத் தூக்கிட்டு நான் அந்தத் தெருமுனைல எறங்குறதும் இதோட சரி."

அவள் குரல் என் அப்பாவின் குரல் போலவே இருந்தது. எழுந்து போகிறவர்களின் குரல் எனக்குத் தெரியும். வருகிறேன் என்றேன்.

"இன்னொண்ணுப்பா. பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல, நான் வர முடியாது. அதனால முன்னாலயே சொல்லிடறேன், அவங்க மூணு பேரும் கடைசில..."

"எங்க உட்காரணும், எப்படி உட்காரணும்னு எனக்குச் சொல்லித் தர வேண்டாம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவளை இன்னும் அரை நிமிடம் பேச விட்டிருந்தால் எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

சனிக்கிழமை மாலை பன்னிரண்டு பேரும் போனோம். ஒன்பதாம் வரிசை, நட்ட நடுவில். என் இடது பக்கம் மனைவி, வலது பக்கம் என் தங்கை, அவளுக்கு அடுத்து மைத்துனர், மற்றவர்கள் இரண்டு பக்கமும். என் தங்கை பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவள். மைத்துனர் சலவைக்கடை வைத்திருக்கிறார். அரங்கத்துக்குள் நுழைந்ததும் அவர் மேடையைப் பார்க்கவில்லை, மேடையில் இருந்தவர்களின் கறுப்புக் கோட்டுகளைப் பார்த்தார்.

"எண்பது கோட்டு இருக்கும் அத்தான். யாரோ ஒருத்தன் மொத்தமா எடுத்து வெளுக்கறான். நம்ம மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொன்னா..."

"வாயை மூடு."

தங்கை நிகழ்ச்சித் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். "ரொமான்டிக் சிம்பொனின்னு போட்டிருக்கே அண்ணா. குடும்பத்தோட உட்கார்ந்து கேக்கலாமா?"

அவளே தாளைத் திருப்பி மேலே படித்தாள். "நாற்பத்தெட்டு நிமிஷம், நாலு பகுதி. எழுதினவர் ஒரு பொண்ணை நெனச்சு எழுதினாராம். கல்யாணம் நடக்கலையாம்."

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றார் மைத்துனர்.

"அப்புறம் இந்த சிம்பொனி ஆச்சு."

மாப்பிள்ளை கடைசி வரிசையில் இருந்தார். மூன்று டிராம்போன்காரர்கள், நடுவில் அவர். தலைமுடியை அழுத்தி வாரியிருந்தார். எங்கள் வரிசையைப் பார்த்தார். பன்னிரண்டு பேரையும் எண்ணுவது தெரிந்தது. எண்ணி முடித்ததும் முதுகை நேராக்கிக்கொண்டார். அந்த நிமிர்வை நான் கவனித்தேன். பரவாயில்லை என்று பட்டது.

குழுவை நடத்துகிறவர் வந்தார், குனிந்தார், திரும்பிக்கொண்டார்.

"இது என்ன பழக்கம்?" என்றாள் தங்கை. "வந்தவங்களுக்கு முதுகைக் காட்டிட்டா நிப்பாங்க?"

எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் முதுகைக் காட்டுகிறார், எங்களுக்கு மட்டும் அல்ல என்று பொறுத்துக்கொண்டேன்.

முதல் பகுதி தொடங்கியது. கூரைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நினைக்கிற அளவுக்குச் சத்தம். வயலின்காரர்கள் ஒரே நேரத்தில் வில்லை இழுத்தார்கள். புல்லாங்குழல்காரர்கள் முகம் சிவந்தார்கள். பெரிய தாமிர முரசுகளை வைத்திருந்தவர் அடித்துவிட்டு, குனிந்து அதன் தோலில் காதை வைத்துக் கேட்டார்.

"நோயாளிக்கு நெஞ்சு பாக்கற மாதிரி பாக்கறார் பாருங்க" என்று என் மனைவி காதில் சொன்னாள். அவளுக்கு அந்த ஆளை மிகவும் பிடித்துவிட்டது. கடைசி வரை அவரை மட்டும்தான் பார்த்தாள்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சும்மா இருந்தார். குழல் மடியில் கிடந்தது. இரண்டு பக்கத்திலும் இருந்த இருவரும் அப்படியே. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, முதல் பகுதியே முடிந்துபோயிற்று. எல்லாரும் வியர்வையைத் துடைத்தார்கள். மாப்பிள்ளை குழலைத் துடைத்தார்.

"துடைக்கறதுக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்காங்க போல" என்றார் மைத்துனர்.

பின்வரிசையில் மடியில் தடித்த இசைப் புத்தகத்தை விரித்து வைத்திருந்த ஒருவர் உஷ் என்றார்.

இரண்டாம் பகுதி துள்ளலாக இருந்தது. முன்வரிசையில் ஒரு வயதான தம்பதியின் தலைகள் ஒன்றாக ஆடின. பக்க வரிசையில் ஒரு பெண் தன் முழங்காலில் விரல்களால் வாசித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மட்டும் வாசிக்கவில்லை. ஒருமுறை குழலை வாயில் வைத்தார். எங்கள் வரிசை முழுக்க முன்னால் சாய்ந்தது. சத்தம் வராமல் உள்ளே காற்றை மட்டும் ஊதிவிட்டு மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் வரிசை முழுக்கப் பின்னால் சாய்ந்தது.

"ஊத விட மாட்டேங்கறான் அத்தான். அந்த முதுகுக்காரன்தான். குச்சிய எல்லா பக்கமும் காட்டறான், நம்ம ஆள் பக்கம் ஒரு தடவைகூடக் காட்டல."

அது உண்மை. நானும் கவனித்திருந்தேன்.

அதற்குள் பேச்சு வரிசையில் நகர ஆரம்பித்திருந்தது. மைத்துனர் "வேலை கொடுக்கல" என்று தொடங்கிவைத்தது நாலு நாற்காலி தள்ளி "ஏதோ மனஸ்தாபமாம்" என்று ஆகி, வரிசையின் கோடி வரை போய்த் திரும்பி என் தங்கை வழியாக என்னிடம் வந்தபோது "நேத்தே வேலைய விட்டு எடுத்துட்டாங்களாம், மரியாதைக்கு உட்கார வச்சிருக்காங்களாம்" என்று முழுக் கதையாக இருந்தது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. மாப்பிள்ளையை நான் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது எங்கள் வீட்டுக்குள் இருக்கிற விஷயம். வெளியாள் ஒருவன், முந்நூறு பேர் முன்னால், என் மகளின் கணவரைத் துடைப்பதற்கு உட்கார வைத்தால் அது வேறு விஷயம். எழுந்துவிட வேண்டியதுதான் என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். இந்த இடத்தில் மைத்துனர் சொல்கிற கதையும் உண்மையும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

ஆனால் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்றாம் பகுதிக்குப் பிறகு பார்க்கலாம் என்று கண்களை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் பகுதி மிக மெதுவாகப் போனது. வயலின்கள் கிட்டத்தட்ட நின்றுபோன மாதிரி ஒரே சுரத்தில் நடுங்கிக்கொண்டிருக்க, நடுவிலிருந்து மெல்லிய கறுப்புக் குழல் ஒன்று தனியாகப் பேசியது. அதற்கு ஓபோ என்று பெயர் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அது எதையோ கேட்க வந்தது. பாதி கேட்டது. மீதியைக் கேட்காமல் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து அதையே கேட்டது, மறுபடியும் முடிக்காமல் போய்விட்டது.

பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு என் மகள் என் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். நான் அப்போது கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் எதையும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டாள். இரண்டரை வருடமாக அதை நான் நினைத்ததே இல்லை. அந்தக் குழல் நான்காவது முறை வந்தபோது, என்ன கேட்க வந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது.

என் கண்ணாடி மங்கிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் நாலு பேர் பார்க்கிற இடத்தில் கண் கலங்குவதில்லை. என் அப்பா இறந்த வீட்டில்கூட நாங்கள் அண்ணன் தம்பி மூவரும் நேராகத்தான் நின்றோம். ஆகவே கண்ணாடியைக் கழற்றினேன். கைக்குட்டையால், வியர்வையைத் துடைப்பதுபோல, முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டேன். கண்ணாடி ஈரமாக இருந்தது. அதை மறுபடி போட்டுக்கொண்டு என்ன பயன்? கையில் இருந்த கூட்டில் வைத்தேன். மேடையில் அந்தக் கடைசிச் சுரம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று. முந்நூறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யோசிக்காமல் கூட்டை மூடிவிட்டேன்.

டக்.

தங்கை எழுந்தாள். மைத்துனர் எழுந்தார். நான் தலையைத் திருப்புவதற்குள் இரண்டு பக்கமும் மளமளவென்று எழுந்துவிட்டார்கள். பின்வரிசைக்காரரின் புத்தகம் மடியிலிருந்து விழுந்தது. உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

உட்காருங்கள் என்று கையைக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். காட்டியிருக்கலாம். ஆனால் எழுபது வருடமாக இந்தக் குடும்பம் எழுந்த பிறகு உட்கார்ந்ததில்லை. அதோடு, ஏன் மூடினீர்கள் என்று யாராவது கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? எழுந்தேன். முதுகை நேராக வைத்துக்கொண்டு நடந்தேன்.

அந்த அமைதியில் பன்னிரண்டு ஜோடிச் செருப்புகள் எவ்வளவு சத்தம் போடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். குழுவை நடத்துகிறவர் குச்சியை உயர்த்திய கையோடு திரும்பிப் பார்த்தார்.

"இப்பத்தான் திரும்பத் தோணுச்சு" என்றாள் தங்கை, திருப்தியாக.

கதவருகே போனதும் நான் மேடையைப் பார்த்தேன். மூன்று டிராம்போன்காரர்களும் குழல்களை உயர்த்தி உதட்டருகே வைத்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் போனில் சொல்ல வந்தது என்ன என்பது எனக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. அதற்குள் கதவு மூடிவிட்டது.

கதவருகே சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தார். உள்ளே போக வேண்டும் என்றேன்.

"வாசிக்க ஆரம்பிச்சாச்சு சார். முடியற வரைக்கும் தெறக்கக் கூடாது."

"இப்பத்தானே வெளிய வந்தோம்."

"அதான் சார், வெளிய வந்துட்டீங்களே."

மைத்துனர் நடைவழியில் வெற்றி வீரரைப் போல அங்கும் இங்கும் நடந்தார். "பாத்தீங்களா, அவன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு! வாழ்க்கைல இனிமே நம்ம மாப்பிள்ளைய சும்மா உட்கார வைக்க மாட்டான்!"

அப்போது கதவு அதிர்ந்தது.

தடித்த மரக்கதவு, உள்பக்கம் தோல் ஒட்டியது. வயலின்களும் புல்லாங்குழல்களும் அதைத் தாண்டி வரவில்லை. எண்பது பேர் உள்ளே வாசிக்க, அந்தக் கதவின் வழியாக வெளியே வந்தது அடியிலிருந்து எழும்பிய ஒரு கனமான ஒலி மட்டும்தான். மூன்று குரல்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, அவசரமில்லாமல் ஏறின. அது என்ன வாத்தியம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் கதவில் காதை வைத்தேன்.

"என்ன பண்றீங்க அத்தான்?"

"யாராவது வராங்களான்னு பாக்கறேன்."

"காதாலயா?"

என் மனைவி வந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "கண்ணு ஏன் சிவந்திருக்கு?"

"உள்ள குளிர் அதிகம்."

"ஆமா" என்றாள். "எனக்கும் நெஞ்சுக்குள்ள கொஞ்சம் குளிர்ந்துச்சு." பிறகு தன் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடைவழியின் மறு கோடிக்குப் போனாள். நாற்பத்தோரு வருட வாழ்க்கையில் அவள் எனக்குச் செய்த உதவிகளில் இதைப் பெரிய உதவி என்று சொல்வேன்.

கால் மணி நேரம் அப்படியே நின்றேன். மூன்று குரல்களும் மூன்று முறை ஏறின. மூன்றாவது முறை உச்சிக்குப் போகும்போது நடுக்குரல் ஒரு நூல் அளவு வழுக்கியது. தராசு முள் ஒரு கணம் துடித்துவிட்டு நடுவுக்கு வருவதுபோல, உடனே சரியாகிவிட்டது. முப்பத்தைந்து வருடம் அந்த முள்ளைப் பார்த்தவனுக்கு அது தப்பாது. பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முடிந்தது. உள்ளே கைதட்டல் மழைபோலக் கொட்டியது. நாங்கள் பன்னிரண்டு பேரும் நடைவழியில், நனையாமல் நின்றோம்.

கூட்டம் வெளியே வந்தது. இசைப் புத்தகக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் ஒரு வண்டியில் பெரிய வாத்தியங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் நின்றோம். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டதும் நின்றார்.

"எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றார். பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். "வீட்டுக்குப் போகணும். பாப்பாவுக்கு மருந்து வாங்கணும்."

மைத்துனர் பாய்ந்து முன்னால் போய் அவர் தோளில் தட்டினார். "கவலைப்படாதீங்க மாப்பிள்ளை! உங்களுக்காகத்தான் எழுந்தோம். முப்பது நிமிஷமா உங்களை ஊத விடாம உட்கார வச்சிருக்கான். நம்ம குடும்பத்துல ஒருத்தர விட்டுக் கொடுப்போமா?"

மாப்பிள்ளைக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "டிராம்போனுக்கு முதல் மூணு பகுதில வேலையே கிடையாது. எழுதினவர் அப்படித்தான் எழுதியிருக்கார். நாலாவது பகுதில முதல் தடவையா நாங்க வரணும். அதுக்குத்தான் காத்திருந்தோம்."

"முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் மைத்துனர், குற்றம் சாட்டும் குரலில். எல்லாரும் ஏதாவது ஒரு பக்கம் பார்த்தார்கள். நான் வண்டியைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. என்னிடம் நேராகக் கேட்டார். இரண்டரை வருடத்தில் அது முதல் முறை. "அப்ப அவ்வளவு நேரமும் நான் வாசிக்கறேனா இல்லையான்னு மட்டும்தான் பாத்தீங்களா மாமா? பாட்டை ஒண்ணும் கேக்கலையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் குடும்பத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அவர் மரியாதைக்காக எழுந்தோம், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம், அவ்வளவுதான். ஆனால் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வந்து கேட்டால் போதும் என்றார். அதைச் செய்யாதவன் என்ற பேரோடு என்னால் போக முடியாது, ஏனென்றால் நான் அதைச் செய்திருந்தேன்.

"இப்படி வாங்க" என்று அவரை வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே நான் சொன்னதை முழுவதும் எழுதப் போவதில்லை. கறுப்புக் குழலைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடி ஏன் நனைந்தது என்று சொன்னேன். கூடு ஏன் மூடியது என்று சொன்னேன். அதுவரை வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. இப்போது எழுதுவதும் அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான். "எழுதுங்க மாமா, எப்படியும் உங்க மச்சான் படிக்க மாட்டார்" என்றார்.

அன்று அவர் முதலில் நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான். ஆகவே, "கடைசிப் பகுதிய கதவுல காது வச்சுக் கேட்டேன்" என்றேன். "நீங்க மூணு பேர் மட்டும்தான் வெளிய வந்தீங்க. மத்தவங்க யாரும் கதவைத் தாண்டல."

"கதவு வழியாவா?"

"மூணாவது தடவை மேல ஏறும்போது நடுவுல ஒரு குரல் கொஞ்சம் வழுக்குச்சு. உடனே பிடிச்சுக்கிட்டீங்க."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "அது நான்தான்" என்றார். "நடத்துறவருக்கே தெரியல. ரெண்டு பக்கம் உட்கார்ந்திருந்தவங்களுக்கும் தெரியல."

"அவங்க யாரும் கதவுக்கு வெளிய நிக்கலையே."

அப்போதுதான் சிரித்தார். நல்ல சிரிப்பு, வயிற்றிலிருந்து வந்தது. ஊதுகிறவர்களுக்கு மூச்சு அதிகம்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவருடைய போன் அடித்தது. மகள். கையில் பெட்டி இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்.

"எப்படி ஆச்சு? வந்தாங்களா? அப்பா கடைசி வரைக்கும் இருந்தாரா?"

மைத்துனர் வாயைத் திறந்தார். என் மனைவி அவர் காலை மிதித்தாள். மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருந்தார்மா" என்றார். "கடைசிச் சுரம் வரைக்கும் கேட்டுட்டுத்தான்..."

அது பொய்யும் இல்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் மகளிடம் அவள் கணவர் எனக்காக வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. எங்கள் குடும்பத்தில் எழுந்து போயிருக்கிறோமே தவிர யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிந்ததில்லை. போனை வாங்கினேன்.

"மூணாவது பகுதி முடிஞ்சதும் எழுந்து வெளிய போயிட்டேம்மா. எல்லாரும் என் கூடவே வந்துட்டாங்க. மாப்பிள்ளை வாசிச்சதை வெளிய நின்னுதான் கேட்டேன். நல்லா வாசிச்சார். தப்பு என்னோடது."

வண்டியில் வாத்தியம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள் என்று தோன்றியது. என் தங்கை கையை வாயில் வைத்துக்கொண்டாள். அறுபது வருடமாக என்னைத் தெரிந்தவள் அவள்.

போனில் மகள், "இது யாரு பேசறது?" என்றாள்.

"அப்பா பேசறேன்."

"அம்மா பக்கத்துல இருக்காங்களா? போனைக் குடுங்க."

கொடுத்தேன். என் மனைவி காதில் வைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியை யாரும் அணைக்காததால் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா, அப்பாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தான் இருக்கார். கொஞ்சம் குளிர்ந்துடுச்சு, அவ்வளவுதான்."

"அவர நேரா இங்க கூட்டிட்டு வாங்க. தெருமுனைல எல்லாம் எறக்கி விடாதீங்க."

மாப்பிள்ளை டாக்ஸியை நிறுத்தி எனக்காகக் கதவைத் திறந்தார். நான் உட்கார்ந்ததும் மைத்துனர் ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தான், ஒரு நிமிஷம். தப்பு உங்களோடதுன்னா, அப்ப நாங்க பதினோரு பேரும் எதுக்கு எழுந்தோம்?"

"அதை நீங்கதான் யோசிக்கணும்" என்று சொல்லி ஜன்னலை ஏற்றினேன்.